கோல்கீப்பருக்கு மட்டும் இன்பொக்ஸ் இல்லை

எங்கள் ஊர்க் கழகம் உதைபந்தாட்டத்தில் தோற்றால் அதைத் தோல்வி என்று சொல்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. ஆட்டம் முடிந்து பொழுதுபடுவதற்குள் கழகத்தின் முகநூல் பக்கத்தில் ஒரு பதிவு வரும். ஆட்டத்தில் தோற்றாலும் இதயங்களை வென்றோம் என்று இருக்கும். ஒரு தடவை நான்கு கோல் வாங்கிக்கொண்டு வந்த அன்றும் அதையேதான் போட்டார்கள். விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்ற கதைதான். அதற்குக் கீழே ஊரே கைகூப்பிக் கும்பிட்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் வேலை செய்யும் அச்சகம் மைதானத்துக்கு எதிரே மேல்மாடியில் இருக்கிறது. கல்யாண அழைப்பிதழ், பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டு பனர், மரண அறிவித்தல் எல்லாம் நான்தான் கம்பியூட்டரில் வடிவமைப்பேன். என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கத்துக் கோல் கம்பம் நேரே தெரியும். எங்கள் ஊரில் பெண்கள் மைதானத்துக் கயிற்றோரம் போய் நின்று ஆட்டம் பார்ப்பதில்லை. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுக்கு மட்டும் போவோம். ஆகவே நான் உதைபந்தாட்டத்தைக் கற்றுக்கொண்டது ஜன்னலால்தான். மேலே இருந்து பார்ப்பவளுக்கு யார் ஓடுகிறார், யார் ஓடுவதுபோல் நிற்கிறார் என்பது வடிவாகத் தெரியும்.

ஒரு நாள் எங்கள் முன்வரிசை ஆட்டக்காரர் ஆளே இல்லாத கோலுக்கு முன்னால் நின்று பந்தை வானத்துக்கு அடித்தார். பந்து தென்னந்தோட்டத்துக்குள் போய் விழுந்தது. மைதானம் பள்ளமும் திட்டியுமாகக் கிடந்ததுதான் காரணம் என்று பிறகு விளக்கம் எழுதியிருந்தார். ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு படம் செய்தேன். போனில் இரண்டு பேர் தனியாகச் செய்தி அனுப்பிக்கொண்டால், எங்கள் ஊரில் இன்பொக்ஸில் கதைப்பது என்போமே, அதை யாரோ படம்பிடித்து வெளியே விட்டமாதிரி. கதைக்கிறவர்கள் இருவர். ஒருவர் அந்த ஆட்டக்காரர், மற்றது கோல் கம்பம்.

"அண்ணே, எங்க இரிக்கீங்க?" என்று அவர் கேட்கிறார்.

"அதே இடத்திலதான் மச்சான்," என்கிறது கம்பம்.

"நானும் தேடிப் பாத்தன், காணல்லியே."

"எட்டடி உயரம், இருபத்துநாலடி அகலம், வெள்ளைப் பெயிண்ட். பக்கத்தில ஒரு மாடும் கட்டிக் கிடக்கு."

"ஆ, மாட்டக் கண்டன்."

இதைப் போடுவதற்கென்றே புதிதாக ஒரு பக்கம் திறந்தேன். பெயரில்லாத ஆளாக இருந்தேன். பொழுதுபடுவதற்குள் ஊரில் எல்லார் போனிலும் அந்த மாடு நின்றது. சந்தியில் அவரைக் கண்டவர்கள் எல்லாம் மாடு சுகமா என்று விசாரித்தார்கள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

அதற்குப் பிறகு நான் விடவில்லை. எடுத்த காரியத்தை அரைகுறையில் விடுகிற ஆள் நான் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு படம். எங்கள் நடுவரிசை ஆட்டக்காரர் பந்து கிடைத்தால் யாருக்கும் கொடுக்கமாட்டார். அவருடைய இன்பொக்ஸில் பத்துப் பேர் வரிசையாக "பாஸ்", "பாஸ்", "மச்சான் பாஸ்" என்று எழுதியிருக்கிறார்கள். கீழே பார்த்துவிட்டார் என்ற அடையாளம் மட்டும் விழுந்திருக்கிறது. கடைசியில் அவருடைய பதில் வருகிறது. "சொறி மச்சான், இப்பதான் பாத்தன். மெச் முடிஞ்சிட்டா?" இன்னொன்றில் எங்கள் இடது பக்கத் தடுப்பாளர் எதிரணியின் வேகமான ஆளிடம் இன்றைக்கு எந்தப் பக்கத்தால் வருகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்கிறார். உங்கள் பக்கத்தால்தான் என்று பதில் வந்ததும், நல்லது, வழிவிட்டு நிற்கிறேன் என்கிறார்.

பார்ப்பவர்கள் இதைச் சும்மா விளையாட்டு என்று நினைக்கலாம். எனக்கு இது வேலைதான். செய்திப் பெட்டிகளின் மூலை எவ்வளவு வளைய வேண்டும், மணி எத்தனை என்று மேலே விழ வேண்டும், பற்றரி எவ்வளவு குறைந்திருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்வேன். தோற்றவனுடைய போனில் பற்றரி சிவப்பில் இருக்கும். பதில் எழுத யோசிக்கிறவனுக்கு மூன்று புள்ளிகள் மட்டும் போட்டு விட்டுவிடுவேன். எனக்கென்று ஒரு சட்டமும் வைத்திருந்தேன். கயிற்றுக்கு உள்ளே நடந்ததைத்தான் எழுதுவேன். ஒருவரின் வீடு, வேலை, குடிக்கிற பழக்கம், பின்னால் சுற்றுகிற பெண் ஒன்றையும் தொடமாட்டேன். முஸ்லிம்களின் ஊரான காத்தான்குடியில் இருந்து எங்கள் அணிக்கு வந்து விளையாடும் ஒருவரைப் பற்றி எழுதியபோது, தன்னையும் ஊர்க்காரனாக எடுத்துவிட்டார்கள் என்று அவர் அதைத் தன் முகப்புப் படமாகவே போட்டுக்கொண்டார். மாட்டைக் கண்டவர் இரண்டு ஆட்டம் தள்ளிக் கோல் அடித்துவிட்டு ஓடிப்போய்க் கம்பத்தைக் கட்டிப்பிடித்தார். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. இதயங்களை வென்றோம் பதிவுகளும் மெல்ல நின்றன.

சட்டம் ஒன்றைத்தான் வைத்திருந்தேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இன்னொரு சட்டமும் எனக்குத் தெரியாமலே என் கையில் இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் அணித் தலைவரின் அம்மா.

அவர் எனக்கு மாமி முறை. வாவிக்கு அக்கரையான படுவான்கரையில், வட்டை என்கிற வயல்வெளியில் நிறையக் காணி உள்ள குடும்பம். கல்யாணப் பேச்சு எடுப்பதில் கைராசிக்காரி என்று பெயர். எந்த வீட்டுப் பிள்ளை எந்தக் குடி, யாருக்கு யார் என்ன முறை என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். எங்கள் பக்கத்தில் குடி என்பது தாய் வழியால் வருவது. அம்மா எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. ஒரே குடியில் பிறந்தவர்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை. பெண் கொண்டு கொடுக்கிற குடியில் பிறந்தவர்கள் மச்சான், மச்சாள். மச்சாளை மச்சி என்றும் கூப்பிடுவோம். மச்சானை எவ்வளவும் பகிடி பண்ணிச் சிரிக்கலாம். பண்ணாவிட்டால்தான் கோபமா என்று கேட்பார்கள். அண்ணன் தம்பியைப் பண்ணக்கூடாது. யாரும் சொல்லித் தருவதில்லை, அந்த இடத்தில் வாய் தானாகவே அடங்கிவிடும்.

மாமி தன் மகளின் கல்யாண அழைப்பிதழைப் பிழை பார்க்க அச்சகத்துக்கு வந்திருந்தார். உறவு வரிசையில் இரண்டு இடத்தைத் திருத்திவிட்டு, போனை எடுத்து என் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய மகனைப் பற்றியதும் அதில் இருந்தது. அதற்கும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இத எழுதுறது ஆரெண்டு எனக்குத் தெரியா புள்ள. ஆனா எந்தக் குடியெண்டு தெரியும்."

கம்பியூட்டர் மவுஸை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். எப்படி மாமி என்று கேட்டேன். அவர் கல்யாணப் பொருத்தம் பார்க்கிற மாதிரியே விளக்கினார். அணியில் உள்ளவர்களில் யார் யார் இதில் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று பார்த்தாராம். வராதவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் ஒரே குடி. அந்தக் குடியில் பிறந்த ஒருவருக்குத்தான் மற்ற எல்லோரும் பகிடி பண்ணுகிற முறைக்காரர்களாக வருகிறார்கள். காத்தான்குடித் தம்பிக்கு முறை இல்லை, ஆனால் அவனை ஊரே மச்சான் என்றுதான் கூப்பிடுகிறது, ஆகவே அவனும் கணக்கில் வந்துவிட்டான் என்றார்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் பட்டன் போன் வைத்திருக்கும் மேசன். மற்றவன் கோல்கீப்பர். என் பெரியம்மாவின் மகன். எனக்குத் தம்பி.

நான் அவனை வேண்டுமென்று விடவில்லை. அவன் பிழைவிட்ட ஆட்டங்களும் இருந்தன. உயரப் பந்துக்கு எழும்பிக் காற்றில் கையைத் தட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்கியதை ஜன்னலால் கண்டிருக்கிறேன். அதை எழுத எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததுதான் விஷயம். நான் பெயரை மறைத்தேன், போன் இலக்கத்தை மறைத்தேன், எழுதுகிற நேரத்தைக்கூட மாற்றி மாற்றி வைத்தேன். முறையை மறைக்க மறந்துபோனேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை.

மாமி வாயில் விழுந்தது ஊர் முழுக்கப் போக அதிக நேரம் எடுக்கவில்லை. அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை, கண்டுபிடித்த பெருமையில் சொன்னார். ஆனால் கழகத்தில் அது வேறு மாதிரி விழுந்தது. மைதானத்துக்குள் அவர்கள் தங்களுக்குள் கதைத்த, என் ஜன்னலுக்கு எட்டாத கதைகளும் என் படங்களில் வந்திருந்தன. அவற்றைத் தம்பிதான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு, சும்மா சொல்லிச் சிரிப்பான். கூட்டிக் கழித்துப் பார்த்தவர்களுக்கு விடை ஒன்றுதான். கோல்கீப்பர்தான் உள்ளே இருந்து எழுதுகிறான். தன்னைத் தவிர எல்லோரையும் நாறடிக்கிறான்.

அவனைக் கிண்ணப் போட்டியின் அரையிறுதி ஆட்டத்தில் வெளியே உட்கார வைத்தார்கள். ஆரையம்பதி அணியோடு நடந்த அந்த ஆட்டத்தில் எப்படியோ வென்றும் விட்டார்கள். எழுதுகிற ஆள் யார் என்று சொல்லும்வரை பயிற்சிக்கும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வருடக்கணக்காக மாற்று ஆளாகவே குந்தியிருந்தவன். முந்திய கீப்பர் கட்டாருக்குப் போனபிறகு இந்த முறைதான் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. எங்கள் குசினி வாசலில் வந்து நின்று சொன்னான்.

"எனக்கு ஒண்டும் தெரியா அக்கா. சத்தியம் பண்ணியும் நம்புறாங்கல்ல."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் பொய் சொன்னால் காது சிவக்கிற ஆள். தெரிந்துகொண்டால் ஒன்று என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டும். இரண்டையும் அவன் தலையில் வைக்க எனக்கு மனமில்லை. நான் கட்டின முடிச்சை நானே அவிழ்ப்பேன் என்று எண்ணிக்கொண்டேன்.

முதலில் செய்தது மடத்தனம். தம்பியையும் ஒரு படத்தில் போட்டுவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். அவனும் அவனுடைய கையுறையும் கதைப்பதாக எழுதினேன். மற்ற படங்கள் ஒரு சாப்பாட்டு நேரத்தில் முடியும். இதற்கு மூன்று நாள் மினக்கெட்டேன். எழுதுவேன், அழிப்பேன். இது அவனுக்கு நோகுமா, அது பெரியம்மாவுக்குப் பிடிக்குமா என்று யோசிப்பேன். கடைசியில் வெளியே வந்ததில் கையுறை, தம்பி நீ களைத்துப்போனாய், கொஞ்சம் இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. போட்டும் விட்டேன்.

மாமி கல்யாணக் கார்ட்டுகளை எடுத்துப்போக வந்தபோது அதைக் காட்டினார். சிரிக்கவில்லை.

"இது பகிடியா புள்ள? தம்பிக்குச் சீப்பால தலை இழுத்து விடுற மாதிரிக் கிடக்கு."

ஊரும் அதைத்தான் சொன்னது. கோல்கீப்பர் தப்புவதற்காகத் தனக்குத் தானே எழுதிக்கொண்டான், அதனால்தான் இவ்வளவு செல்லம் என்றார்கள். இருந்ததையும் கெடுத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அச்சகத்துப் படியால் இறங்கி வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி. கல்யாணம் பேசுகிற வயதில் ஒரு பொம்பளைப் பிள்ளை இத்தனை மச்சான்மாரை வம்புக்கு இழுத்தாள் என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார். ஊர் சொல்வதை எழுதித் தந்தால் பனராக அடித்துச் சந்தியில் தொங்கவிடுகிறேன், வடிவமைப்பும் என்னுடையதே என்றேன். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் மறிக்கவும் இல்லை. அக்காவின் பிள்ளையும் தன் பிள்ளைதான் என்று அவருக்குத் தெரியும்.

திரும்பி வந்து கயிற்றைக் குனிந்து கடந்து மைதானத்துக்குள் போனேன். பயிற்சி நின்றது. தம்பியும் வந்து கயிற்றுக்கு வெளியே சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றான். உள்ளே போகக்கூடாது என்றார்களே தவிரப் பார்க்கக்கூடாது என்று சொல்லவில்லையே. நான் அணித் தலைவருக்கு முன்னால் போய் நின்றேன். எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"அந்தப் பக்கம் என்ர. எழுதினது எல்லாம் நான். தம்பிக்கு ஒண்டும் தெரியா."

அவர்கள் சிரித்தார்கள். நம்பவில்லை. தம்பியைக் காப்பாற்ற நல்ல அக்கா வந்திருக்கிறா என்றார் ஒருவர். பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்றார் இன்னொருவர். ஓஃப்சைட் என்றால் என்ன சொல்லுங்கள் பார்ப்போம் என்று அணித் தலைவர் கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மன்னிப்புக் கேட்கவா நான் போனேன்? என் வேலையை என் வேலை என்று சொல்லத்தான் போனேன். கேள்வி கேட்க வேண்டாம், செய்து காட்டுகிறேன் என்று சொல்லி, தண்ணீர்ப் போத்தல் வைக்கிற பெட்டியைக் கவிழ்த்து அதில் இருந்துகொண்டு போனை எடுத்தேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். அணித் தலைவர் மத்தியஸ்தரோடு வாக்குவாதம் பண்ணாத ஆட்டம் கிடையாது. அவர்கள் இருவரும் கதைப்பதாக எழுதி முடித்துச் சத்தமாக வாசித்தேன்.

"சேர், அது ஃபவுல்."

"தம்பி, ஆட்டம் நாளைக்கு."

"தெரியும் சேர். முதலே சொல்லி வைக்கிறன்."

முதலில் சிரித்தது பட்டன் போன் மேசன். பிறகு எல்லோரும். அணித் தலைவர் கொஞ்ச நேரம் முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றார். அவராலும் முடியவில்லை.

"எழுதின கை உன்ர கைதான் மச்சி," என்றார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது தம்பி சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

அவனுக்கு இடம் திரும்பக் கிடைத்தது. பயிற்சிக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. எனக்கு அது பெரிய நோக்காடாக இருந்தது. இறுதி ஆட்டம் படுவான்கரையில், பழுகாமத்தில். ஆட்டத்தன்று காலையில் அம்மா நேரே பெரியம்மா வீட்டுக்குப் போய் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வாவி நண்டுக் கறியும் பிட்டும் வைத்து, வேண்டாம் வேண்டாம் என்றவனுக்கு மேலும் மேலும் போட்டோம். அதுதான் எங்களுக்குத் தெரிந்த சமாதானம். நண்டுக் காலை உடைத்துக்கொண்டே அவன் மெல்லச் சொன்னான்.

"இப்ப அவங்க எனக்கு முன்னால பகிடி விடுறல்ல அக்கா. நான் போனா கதைய மாத்திருவாங்க. நான் பிழை விட்டாலும் ஒருத்தனும் ஏசுறல்ல."

எல்லாம் என்னிடம் வந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு ஒன்று. அக்காக்காரி அவனை மட்டும் விட்டு வைத்தாள் என்ற மனக்குறை இன்னொன்று. சந்தேகம் போய்விட்டது, ஆனால் பதினொரு பேரில் அவன் ஒருத்தனாக இல்லை. பத்துப் பேரும் ஒரு அக்காவின் தம்பியுமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தை மூடிவிடுகிறேன் என்றேன். மூடினால் அதையும் தன் தலையில்தான் போடுவார்கள் என்றான். அது உண்மைதான்.

நானும் அம்மாவும் ஆட்டம் பார்க்கப் போனோம். இனி ஒளிந்து பார்க்க என்ன இருக்கிறது? எங்கள் பக்கமான எழுவான்கரையில் இருந்து படுவான்கரைக்கு வாவியைப் பாதையில் கடந்தோம். ஆட்களையும் வாகனங்களையும் சேர்த்து ஏற்றுகிற தட்டையான பெரிய தோணிக்குத்தான் நாங்கள் பாதை என்கிறோம். கழகத்துக்காரரும் அதில்தான் வந்தார்கள். தம்பி ஒரு மூலையில் தனியே நின்றான்.

ஆட்டத்தில் அவன் நன்றாகத்தான் ஆடினான். கோலுக்குள் போக இருந்த பந்துகளைப் பாய்ந்து பாய்ந்து பிடித்தான். முடிய இருக்கிற நேரத்தில் எதிரணிக்காரர் ஒருவர் தூரத்தில் இருந்து மெதுவாக ஒரு பந்தை உருட்டினார். ஒரு குழந்தைகூடக் குனிந்து பொறுக்கியிருக்கும். எங்கள் தம்பி அரைகுறையாகக் குனிந்தான். பந்து அவன் இரண்டு காலுக்கும் நடுவால் உருண்டு போய் வலைக்குள் நின்றது. அந்த ஒரு கோலோடு தோற்றோம். பக்கத்தில் இருந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பி வருகிற பாதையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேறு யாராவது அந்தக் கோலை விட்டிருந்தால் கரையில் ஏறுவதற்கு முன்னமே ஆளைப் பிய்த்து எடுத்திருப்பார்கள். மாட்டைக் கண்டவரை என்ன பாடு படுத்தினார்கள்! இவனை ஒன்றும் சொல்லவில்லை. மரியாதையாகத் தோளில் தட்டிவிட்டு அப்பால் போனார்கள். செத்த வீட்டில் துக்கம் விசாரிக்கிற மாதிரி. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். எழுதாமல் விட்டாலும் இவனைத் தள்ளி வைப்பார்கள், எழுதவும் எனக்கு வராது என்று என்னையே நொந்துகொண்டு நின்றேன்.

பாதி வாவி கடந்திருப்போம். அவன் கம்பியை விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தான்.

"போன எடு."

"எனக்கு வராது தம்பி. ஒரு தரம் எழுதிப் பட்டது போதும்."

"நீ பகிடி பண்ண வேணா. நான் சொல்றன், நீ அடி."

முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. ஆனால் விடுகிற ஆளாகத் தெரியவில்லை. எனக்குள்ள பிடிவாதம் எங்கள் குடிக்கே உள்ளதுதான் போல. போனை எடுத்தேன். அவன் யோசிக்காமல் சொல்லிக்கொண்டே போனான். முன்னமே தனக்குள் எழுதி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். பந்தும் கோல்கீப்பரும் கதைக்கிறார்கள்.

"தம்பி, உள்ளுக்க வரலாமா?"

"வாங்க, வாங்க."

"கதவு பூட்டிக் கிடக்குமோ எண்டு பயந்து பயந்து வந்தன்."

"இல்லியே. உங்களுக்காகத்தானே கால அகட்டி வச்சிரிக்கன்."

"கொஞ்சம் குனிஞ்சா என்னப் பிடிச்சிரிக்கலாமே தம்பி?"

"எப்பிடிக் குனியிற? எங்கட அக்கா காலத்தால ஒரு சட்டி நண்டு திண்ண வச்சி அனுப்பியிரிக்கா. குனிஞ்சா நண்டு வெளிய வந்திரும்."

கடைசி வரியில் என் கை நின்றது. அதுவரைக்கும் அந்தப் பக்கத்தில் நான் எழுதுகிறவளாகத்தான் இருந்தேன், எழுதப்படுகிறவளாக இருந்ததில்லை. அக்காவைப் பகிடி பண்ணுகிற முறை எங்கே இருக்கிறது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அந்த வரி இல்லாவிட்டால் படம் அவனுக்கு மட்டும் அடியாக இருக்கும். அதோடு சேர்ந்தால்தான் அக்காவும் தப்பவில்லை, தம்பியும் தப்பவில்லை என்று ஆகும். அவனுக்கு அது தெரிந்திருக்கிறது. பெட்டிகளைச் சரிபண்ணினேன், பற்றரியைச் சிவப்பாக்கினேன், போட்டுவிட்டேன்.

முதலில் ஒரு போன் சத்தம் போட்டது. பிறகு இன்னொன்று. பிறகு பாதை முழுக்க டிங் டிங் என்று கேட்டது. எல்லோரும் குனிந்து வாசித்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, சிரிக்கலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இது அக்கா எழுதினது இல்லை, நானே சொல்லி அடிக்க வைத்தது என்று தம்பி உரத்துச் சொன்னான். அணித் தலைவர் எழும்பி நின்று எல்லோருக்கும் கேட்க முதலில் இருந்து வாசித்தார். நண்டு வந்த இடத்தில் பாதை ஆடியது. பாதை ஓட்டுகிறவர்களும் சிரித்தார்கள். காத்தான்குடிக்காரர் காலை அகட்டிக்கொண்டு அவனை மாதிரியே நடந்து காட்டினார். மாட்டைக் கண்டவர் ஒரு துவாயைச் சுருட்டி அவன் காலுக்கு நடுவால் எறிந்துவிட்டு கோல் என்று கத்தினார். அடித்தார்கள், தள்ளினார்கள், வாயில் வந்ததெல்லாம் ஏசினார்கள். அத்தனை நாளும் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அவன் மேல் கொட்டினார்கள். அவன் நடுவில் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்குக் காது சுட்டது. பகிடிக்கு ஆளாவது இப்படித்தான் இருக்குமா என்று நினைத்தேன். முதலில் கொஞ்சம் எரிந்தது, அதற்குள் சந்தோசமும் இருந்தது, எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

"மச்சி, நண்டு மிச்சம் கிடக்கா?" என்று அணித் தலைவர் கேட்டார்.

"கிடக்கு மச்சான். இண்டைக்குக் கோல் அடிச்ச ஆக்கள் மட்டும் வாங்க," என்றேன்.

ஒரு கோலும் அடிக்காதவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் இருந்து என் தம்பிதான் முதலில் சிரித்தான்.